வேலை வீட்டுக்கு வந்தது, வண்டி நிற்கவில்லை

2020ஆம் ஆண்டுக்கு முன்பு எங்கள் வீட்டு வாசலிலிருந்து காலை ஐந்தரை மணிக்கு இரண்டு வண்டிகள் கிளம்பும். ஒன்று அப்பாவின் மோட்டார் சைக்கிள். அவர் ஜெராம் வழியாகக் காப்பாரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போவார். மற்றொன்று அக்காவின் சிறிய கார். அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். புக்கிட் ரோத்தான் பக்கம் உள்ள எங்கள் தாமானில் எல்லா வீடுகளிலும் அந்த நேரத்தில் விளக்கு எரியும். எல்லாருக்கும் வேலை தூரத்தில்தான்.

இப்போது ஐந்தரைக்கு ஒரு சத்தம்தான் கேட்கிறது. அப்பாவின் மோட்டார் வழக்கம்போல் கிளம்புகிறது. அக்கா வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறார். மற்ற மூன்று நாள்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை செய்கிறார். கோவிட்-19 பெருந்தொற்று போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் மட்டும் பல நிறுவனங்களில் தங்கிவிட்டது.

இதனால் சாலையில் வண்டிகள் குறைந்திருக்கும், நெரிசல் தணிந்திருக்கும், விபத்தும் குறைந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு படைப்புக்காக இதைப் பற்றித் தகவல் தேடியபோது அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வது நம் வண்டிகளை நிறுத்திவிடவில்லை. நாம் எப்போது ஓட்டுகிறோம், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம், எவ்வளவு கவனத்தோடு ஓட்டுகிறோம் என்பதைத்தான் அது மாற்றியிருக்கிறது. அந்த மாற்றம் எல்லாமே நல்லதாக இல்லை. அதன் சுமை அக்காவைப் போன்றவர்களைவிட அப்பாவைப் போன்றவர்கள் மேல்தான் அதிகமாக விழுகிறது.

காலியான சாலை தந்த பழக்கம்

2020 மார்ச் 18ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. நான் அப்போது படிவம் 3 மாணவி. அந்த ஆண்டு பிடி3 தேர்வும் இரத்தானது. குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும், 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும், பொருள் வாங்கப் போகலாம் என்பது அப்போதைய விதி. அப்பாவின் தொழிற்சாலைக்கு இயங்க அனுமதி கிடைத்தது. அவர் முதலாளி தந்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாலைத் தடுப்பில் போலீசாரிடம் அதைக் காட்டிவிட்டுப் போவார். அந்த ஏப்ரலில் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 25 காசுக்கு இறங்கியது. பெட்ரோல் அத்தனை மலிவாக இருந்தபோது அதை நிரப்பிக்கொண்டு போக யாருக்கும் இடம் இல்லை.

அந்தக் காலத்தில்தான் நான் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தொடங்கி, பிறகு உரிமம் எடுத்துத் தார் சாலைக்கு வந்தேன். என் வயதில் இதைப் படிக்கும் பலரும் அப்படித்தான் கற்றிருப்பீர்கள். நாம் ஓட்டக் கற்ற சாலை காலியாக இருந்தது. சந்திப்பில் நின்று பார்க்கும் அவசியம் அதிகம் இருக்கவில்லை. பார்த்தாலும் யாரும் வரமாட்டார்கள்.

2022 ஏப்ரல் முதல் தேதி நாடு எண்டமிக் கட்டத்துக்கு மாறத் தொடங்கியது. சில வாரங்கள் கழித்து, டியூஷனுக்குப் போகும் வழியில், தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு நிற்காமல் ஏறிவிட்டேன். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஒன்று என் பக்கத்தில் வந்து கிறீச்சிட்டு நின்றது. இடைவெளி ஒரு மோட்டார் நீளம்கூட இருக்காது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “ஏம்மா, இன்னும் எம்சிஓ-ன்னு நெனப்பா?” என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. சாலை மாறிவிட்டது, என் பழக்கம் மாறவில்லை.

இது என் ஒருத்தியின் கதை மட்டும்தானா? நாட்டின் புள்ளிவிவரங்களைப் பார்ப்போம். 2019இல் மலேசியாவில் 567,516 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 6,167 பேர் இறந்தனர். கட்டுப்பாடுகள் நீடித்த 2021இல் விபத்துகள் 370,286ஆகக் குறைந்தன. இறந்தவர்கள் 4,539 பேர். விபத்துகள் ஏறக்குறைய 35 விழுக்காடு குறைந்திருக்கின்றன. ஆனால் மரணங்கள் 26 விழுக்காடுதான் குறைந்தன. 2019இல் 92 விபத்துகளுக்கு ஒரு மரணம் என்ற கணக்கு, 2021இல் 82 விபத்துகளுக்கு ஒரு மரணம் என்று ஆனது.

இதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. நகரத்து நெரிசலில் நடக்கும் சின்னச் சின்ன மோதல்கள்தான் முதலில் குறைந்திருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் வண்டிகள் குறைந்தால் வேகம் கூடும் என்பது சாலையில் போகும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அமெரிக்காவில் 2020இல் மக்கள் வண்டி ஓட்டிய மொத்தத் தூரம் குறைந்தது. அப்படியிருந்தும் சாலை மரணங்கள் 38 ஆயிரத்தைத் தாண்டி, 2007க்குப் பிறகு இல்லாத அளவுக்கு உயர்ந்தன. நெரிசல் நமக்கு எரிச்சல் தருவதுதான். ஆனால் நம்மை மெதுவாக ஓட்ட வைப்பதும் அதுதான்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு என்ன நடந்தது? 2022இல் மரணங்கள் மீண்டும் 6,080 ஆயின. 2023இல் 6,443. பெருந்தொற்றுக்கு முந்திய எண்ணிக்கையைவிட இது அதிகம். இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அப்பாவைப் போல, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் அவர்களில் பலர்.

மீட்டர் சொன்ன கணக்கு

அடுத்து அக்காவின் காருக்கு வருவோம். எங்கள் வீட்டிலிருந்து அவருடைய அலுவலகம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போய்வர 120. வாரம் ஐந்து நாள் போன காலத்தில், நான்கு வாரத்துக்கு 2,400 கிலோமீட்டர். இப்போது வாரம் இரண்டு நாள் என்றால் 960 கிலோமீட்டர்தான். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு வாரத்தில் நூறு லிட்டர் பெட்ரோல் மிச்சம். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பூடி95 திட்டத்தின்படி குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு. ஆகவே ஏறக்குறைய 200 ரிங்கிட் கையில் நிற்கிறது. டோல் தனி. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. தினமும் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கழித்தவருக்குக் கிடைத்த தூக்கமும் ஓய்வும் அந்தக் கணக்கில் வராது.

ஆனால் இது முழுக் கணக்கு இல்லை. நான்கு வாரம் அக்காவின் அனுமதியோடு கார் மீட்டரைக் குறித்து வைத்தேன். அவர் வீட்டில் வேலை செய்த 12 நாள்களில் கார் 27 முறை வெளியே போனது. பசியாற ரொட்டி சானாய் வாங்க, பொட்டலம் அனுப்ப, தம்பியைப் பள்ளியிலிருந்து ஏற்றிவர, கிளினிக், பேங்க், மறந்துபோன தேங்காய்ப்பால் என்று 27 பயணங்கள். மொத்தம் 310 கிலோமீட்டர். முன்பு அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியிலேயே முடித்த வேலைகள் இப்போது ஒவ்வொன்றும் தனிப் பயணமாகிவிட்டன.

தூரம் குறைந்தது உண்மை. அது நல்லது. ஆனால் அந்த 27 பயணங்களில் எத்தனை முறை பாதுகாப்பு பெல்ட் போட்டார் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். “இதோ கடைக்குத்தானே, பாதி தடவை போடல,” என்றார். இரண்டு முறை அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திறன்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அவருடைய மேலாளருக்கு அது தெரியாது. கேமரா மூடியிருந்தது.

60 கிலோமீட்டர் போகும்போது அக்கா பெல்ட் போடுவார், கண்ணாடியைச் சரிசெய்வார், டயரைப் பார்ப்பார். மூன்று கிலோமீட்டர் போகும்போது இவை எதுவும் இல்லை. நெடுந்தூரப் பயணத்தைப் பயணமாக நினைக்கிறோம். குறுந்தூரப் பயணத்தை வீட்டு வேலையின் ஒரு பகுதியாக நினைக்கிறோம். வீட்டிலிருந்து வேலை வந்த பிறகு நம் பயணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைக்கு மாறிவிட்டன. அவை நடக்கும் சாலைகளோ தாமான் சாலைகள், தோட்டத்துச் சாலைகள், பள்ளி வாசல்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும், பாட்டிகள் கோயிலுக்கு நடப்பதும், தோட்டத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்புவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறோம் என்பதற்காக யாரும் காரை விற்றுவிடவில்லை. 2020 ஜூன் 15 முதல் அரசாங்கம் கார்களுக்கான விற்பனை வரியில் விலக்கு தந்தது. பேருந்தில் நெருக்கமாக அமரவும் பலர் அஞ்சினார்கள். 2022இல் நாட்டில் 720,658 புதிய வாகனங்கள் விற்பனையாயின. அதுவரை இல்லாத உச்சம் அது. 2024இல் 816,747. அலுவலகம் போகும் நாள் குறைந்தாலும் காரின் தேவை குறையவில்லை. வடக்கு சிலாங்கூரில் அது வியப்பல்ல. சுங்கை பூலோவில் எம்ஆர்டி இருக்கிறது, ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் கொம்யூட்டர் ரயில் இருக்கிறது. ஆனால் ஜெராமிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ அந்த நிலையங்களுக்குப் போகவே ஒரு வண்டி வேண்டும்.

‘லைன்’ தேடி ஓடிய வண்டி

வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்றால் பயணம் குறையும் என்பது, வீட்டில் இணையம் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இயங்கலை வகுப்பு என்றால் மோட்டாரை எடுக்க வேண்டும் என்று பொருள். செம்பனை மரங்களுக்கு நடுவில் உள்ள வீடுகளில் ‘லைன்’ கிடைக்காது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலை ஓரத்தில் மூடிக் கிடந்த ஓர் ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். நானும் என் தோழியும் அங்கே போய், மோட்டார் மீது உட்கார்ந்து கணித வகுப்பைக் கேட்டிருக்கிறோம். மழை வந்தால் வகுப்பு முடிந்தது.

2020இல் அரசாங்கம் ஜெண்டெலா என்ற இலக்கவியல் இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு பல இடங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. எங்கள் தாமானிலும் இப்போது அகன்ற அலைவரிசை இருக்கிறது. ஆனாலும் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களில் இன்றும் சாலை ஓரத்துக்கு வந்து பேசுபவர்களைப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பு ஒருவருக்குக் கிடைக்குமா என்பதை அவருடைய படிப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் வீட்டுக்கு எந்த அளவில் அலைவரிசை வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இணையக் கோபுரமும் சாலைப் பாதுகாப்புத் திட்டம்தான் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது.

நாம் ஓட்டாத கிலோமீட்டரை யார் ஓட்டுகிறார்கள்?

வீட்டில் இருப்பவர் மதிய உணவை இயங்கலையில் வாங்குகிறார். அந்த உணவு தானாக வருவதில்லை. நாம் போகாத பயணத்தை இன்னோர் இளைஞர் மோட்டாரில் போகிறார். பன்னிரண்டு மணி வெயிலிலும் ஆறு மணி மழையிலும் அவர் போகிறார். எங்கள் தோட்டங்களில் வளர்ந்த இளைஞர்கள் பலர் இப்போது புஞ்சாக் ஆலாம், ஷா ஆலம், சுங்கை பூலோ பக்கம் உணவு விநியோகிப்பாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்.

அக்கா மிச்சம் பிடித்த கிலோமீட்டர்கள் எல்லாம் காணாமல் போகவில்லை என்பதை இங்கேதான் புரிந்துகொண்டேன். அவற்றில் ஒரு பகுதி நான்கு சக்கரத்திலிருந்து இரண்டு சக்கரத்துக்கு மாறியிருக்கிறது. பாதுகாப்பான வண்டியிலிருந்து ஆபத்தான வண்டிக்கு மாறியிருக்கிறது. ‘இன்னும் வரவில்லையே’ என்று செயலியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சின்ன மோட்டார் படத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களை எட்டிப் பார்க்கிறது. பெர்கேசோவின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர்களுக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நண்பர்களில் யாராவது விநியோக வேலையில் இருந்தால், அவர் பெர்கேசோவில் பதிந்திருக்கிறாரா என்று ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

இடத்தை மட்டுமல்ல, நேரத்தையும் கேட்கலாம்

“இதெல்லாம் மடிக்கணினி வைத்திருப்பவர்களின் கதை. குலை வெட்டுபவர் மரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் பாட்டி காலத்தில் தோட்டத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் தூரமே கிடையாது. லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்து போவார்கள். பெயர் கூப்பிட்டதும் நிரைக்குப் போவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டன, மக்கள் தாமான்களுக்கு வந்தார்கள், வேலை தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் போனது. பாட்டி நடந்து போன இடத்தில், அப்பா மோட்டாரில் போகிறார், அக்கா காரில் போனார். மூன்று தலைமுறையில் வேலை நம்மைவிட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. இப்போது நம்மில் சிலருக்கு மட்டும் அது திரும்பி வந்திருக்கிறது.

மற்றவர்களுக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. வாராந்திர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்த அதே திருத்தம்தான் அது. அதில் 60பி, 60கியூ என்ற இரண்டு பிரிவுகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்குத் தொழிலாளி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சட்டம் வேலை செய்யும் இடத்தை மட்டும் பேசவில்லை. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் என்று மூன்றையும் சொல்கிறது. அப்பாவால் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு காப்பார் சாலையில் லோரிகளுக்கு நடுவே வரும் அவர், வேலை தொடங்கும் நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். முதலாளி ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தச் சட்டத்தின் பலவீனம். ஆனால் கேட்கவே முடியாது என்ற நிலை இப்போது இல்லை. கேட்டால் பதில் தரத்தான் வேண்டும்.

அரசாங்கமே இதன் பயனை அறியும். 2025இல் கோலாலம்பூரில் ஆசியான் உச்சநிலை மாநாடு நடந்தபோது, சாலைகள் மூடப்படுவதால் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும்படி நிறுவனங்கள் ஊக்குவிக்கப்பட்டன. தலைவர்களின் வண்டிகள் தடையின்றிப் போக இந்த ஏற்பாடு முடியுமென்றால், ஒரு தொழிலாளி பத்திரமாக வீடு திரும்பவும் இது முடிய வேண்டும். தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளில் வேலை நேரத்தைச் சற்று முன்பின்னாக மாற்றி அமைத்தாலே, ஒரே நேரத்தில் சந்திப்புகளில் குவியும் மோட்டார்களும் லோரிகளும் குறையும். இதற்குப் புதிய நெடுஞ்சாலை தேவையில்லை. 33 கிலோமீட்டர் நீளமுள்ள லாத்தார் விரைவுச்சாலை 2011இல் திறக்கப்பட்டபோது எங்கள் பக்கத்துப் பயணம் எளிதானது உண்மை. ஆனால் காப்பாருக்குப் போகிறவருக்கு அது வழி அல்ல. புதிய சாலை எல்லாருடைய பயணத்தையும் எளிதாக்காது. நேரத்தை மாற்றுவது அந்தச் சாலைகள் எட்டாதவர்களையும் எட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கமும் முதலாளிகளும் செய்ய வேண்டியது ஒரு பக்கம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற மாணவர்கள். நம் கையில் இருப்பவை சில.

முதலாவது, குறுந்தூரப் பயணத்துக்கும் பெல்ட், தலைக்கவசம், இரண்டு பக்கமும் பார்ப்பது ஆகிய மூன்றையும் விடாமல் செய்வோம். கடைக்குத்தானே என்ற சொல்லை வீட்டில் யார் சொன்னாலும் நிறுத்துவோம். காலியான சாலையில் ஓட்டக் கற்ற தலைமுறை நாம். பி உரிமத்தின் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன என்பதால் நாம் தேர்ந்த ஓட்டுநர்கள் ஆகிவிடவில்லை.

இரண்டாவது, வெளியே போகும் வேலைகளைச் சேர்த்துச் செய்வோம். அக்கா இப்போது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். வாங்க வேண்டியவை, கட்ட வேண்டியவை எல்லாம் அதில் எழுதப்படும். நாளுக்கு ஒரு முறைதான் கார் வெளியே போகும். தேங்காய்ப்பால் மறந்தால் அன்று ரசம்.

மூன்றாவது, வகுப்போ கூட்டமோ நடக்கும்போது ஓட்டாமல் இருப்போம். நம்மில் பலருக்கு இன்றும் சில விரிவுரைகள் இயங்கலையில்தான். ஒரு காதில் விரிவுரையாளர், மறு காதில் லோரியின் ஹார்ன் என்றால் இரண்டுமே காதில் ஏறாது. கேமராவை மூடிவிட்டால் விரிவுரையாளர் பார்க்கமாட்டார். சந்திப்பில் வரும் வண்டிக்கு அது பொருட்டல்ல.

நான்காவது, வீட்டில் பெரியவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்போம். மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. விண்ணப்பக் கடிதம் எழுதுவது நமக்கு ஒரு பக்கக் கட்டுரை. அப்பாவுக்கு அது பல ஆண்டுத் தயக்கம்.

கடந்த மாதம் அப்பாவுக்கு அந்தக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரவு வேலையை மாதத்தில் பாதியாகக் குறைத்து, காலை வேலையைச் சற்றுத் தாமதமாகத் தொடங்க அனுமதி கேட்டோம். கையெழுத்துப் போடும் முன் அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். “கேட்டா ஒன்னும் சொல்லமாட்டாங்களா?” என்றார். பதில் தருவதுதான் அவர்களுடைய கடமை என்று சொன்னேன். அறுபது நாள் இன்னும் முடியவில்லை.

அதுவரை காலை ஐந்தரைக்கு அந்த மோட்டார் சத்தம் கேட்கும். அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். எட்டரைக்கு எழுந்து ஒன்பதுக்கு வேலையைத் தொடங்குவார். அது அவர் பெற்ற நன்மை, அதில் எனக்குப் பொறாமை இல்லை. வீட்டில் இருக்க முடிந்தவர்கள் சாலையில் இறங்கும்போது, வீட்டில் இருக்க முடியாதவர்களை நினைத்து ஓட்ட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.